உடலுக்குள் நின்றுவிடும் குண்டு

“போர்க்களத்தில் எதிரிச் சிப்பாய் மீதே சுடக் கூடாது என்று உலக நாடுகள் கூடித் தடை செய்த குண்டு இது. அதைப் போய் ஊருக்குள், சொந்த ஜனங்கள் மீது சுடலாமா?” அமெரிக்கப் போலீஸைப் பற்றியோ, அந்த நாட்டு வீடுகளில் இருக்கும் கைத்துப்பாக்கிகளைப் பற்றியோ பேச்சு எழுந்தால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். தலையங்கங்களில் வரும், மனித உரிமைக் கூட்டங்களில் வரும், நீதிமன்றத்தில் அரசு வக்கீலின் வாதமாகவும் வந்திருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் பதிலையும் கையில் கொடுத்துவிடும் கேள்வி. நானும் பல வருடம் அதை நம்பினேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் சொல்லியும் இருக்கிறேன்.

இப்போது அது தவறு என்று நினைக்கிறேன். வெறும் தகவல் பிழையாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் இந்த நம்பிக்கை சட்டமாகிறது, போலீஸ் துறையின் கொள்முதல் முடிவாகிறது, கடைசியில் வழியோடு போன யாரோ ஒருவரின் விலாவில் போய் நிற்கிறது. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி வைத்திருப்பது பிறப்புரிமை என்ற அமெரிக்க வாதத்தில் எனக்கு ஒட்டுதல் இல்லை. அந்த நாட்டில் துப்பாக்கிகள் குறைய வேண்டும். போலீஸ்காரர் துப்பாக்கியை உறையிலிருந்து உருவும் தருணங்கள் அதைவிடக் குறைய வேண்டும். ஆனால் விசையை இழுத்தாகிவிட்டது, குண்டு கிளம்பிவிட்டது என்றால், அது எப்படிப்பட்ட குண்டாக இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. சுட்டது சரியா என்ற கேள்வியில் எழும் கோபத்தை, எதனால் சுட்டார்கள் என்ற கேள்வியின் மேல் கொட்டுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கிறது.

எந்தக் குண்டைப் பற்றிப் பேசுகிறோம்? சாதாரணக் கைத்துப்பாக்கிக் குண்டு என்பது ஈயம். அதன் மேல் முனைவரை செம்பு உறை. முழு உறைக் குண்டு என்று வைத்துக்கொள்வோம். ஹாலோ பாயின்ட் எனப்படும் குழிமுனைக் குண்டின் நுனியில் மட்டும் ஒரு சிறு பள்ளம் இருக்கும். உடலுக்குள் நுழைந்ததும் ஈரமான திசு அந்தப் பள்ளத்தில் புகுந்து அழுத்தும். உறை பின்பக்கமாக இதழ் இதழாகப் பிரியும். குண்டு காளான் போல விரியும். 9 மில்லிமீட்டர் குண்டு ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் அகலம் ஆகும். அகலம் கூடியதால் எதிர்ப்பும் கூடி, பெரும்பாலும் உடலுக்குள்ளேயே நின்றுவிடும். முழு உறைக் குண்டு விரியாது. மனிதச் சதையை ஒத்த ஜெலட்டின் பாளத்தில் அது 60 சென்டிமீட்டருக்கும் மேல் போகும். ஒரு மனிதனின் மார்புக்கு முன்னிருந்து பின்வரை அதில் பாதிகூட இல்லை. மீதித் தூரத்தை அந்தக் குண்டு எங்கே போய்க் கடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தடையின் கதை நம் நாட்டில்தான் தொடங்குகிறது. கொல்கத்தாவின் விமான நிலையம் இருக்கும் அந்த டம்டம்தான் இடம். அங்கே இருந்த பிரிட்டிஷ் ஆயுதத் தொழிற்சாலையில், 1890களின் நடுவில், கேப்டன் நெவில் பெர்ட்டி-கிளே என்ற மேற்பார்வையாளர் ராணுவத்தின் .303 துப்பாக்கிக் குண்டின் முனையில் உறையைக் கொஞ்சம் குறைத்து, ஈயம் வெளியே தெரியும்படி செய்தார். காரணம், வடமேற்கு எல்லையிலிருந்து வந்த புகார். 1895 சித்ரால் படையெடுப்பில், புதிய முழு உறைக் குண்டு பட்டும் பட்டாணியர்கள் விழாமல் ஓடிவருகிறார்கள் என்று சிப்பாய்கள் சொன்னார்கள். டம்டம் குண்டு பிறந்தது. 1897ல் அதே எல்லையின் தீராப் பள்ளத்தாக்கில் அஃப்ரீதிப் பழங்குடியினர் மீது அது பாய்ந்தது. பின்னர் இங்கிலாந்தின் வூலிச் ஆலையிலேயே முனையில் குழி வைத்த .303 ரகங்கள் தயாராயின. சூடான் போர்முனையில் அவை கிடைக்காத படைப்பிரிவினர் தங்கள் குண்டுகளின் நுனியை அரத்தால் தேய்த்துக்கொண்டார்கள்.

1899ல் ஹேக் நகரில் அமைதி மாநாடு கூடியபோது இது பெரிய விவாதமானது. ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகர அறுவை மருத்துவர் புரூன்ஸ், முனை மென்மையான குண்டுகளால் வரும் கோரமான காயங்களைச் சோதித்து எழுதியிருந்தார். அவர் சோதித்தவை வேட்டைக் குண்டுகள், டம்டம் குண்டைவிட மிக அதிகமாக ஈயம் வெளித்தெரிபவை என்று பிரிட்டிஷ் தரப்பு முறையிட்டது. முறையீட்டில் நியாயம் இருந்தது. ஆனால் பிரிட்டனின் பிரதிநிதி சர் ஜான் ஆர்டாக் அதோடு நிற்கவில்லை. நாகரிக நாட்டுச் சிப்பாய் குண்டு பட்டதும் தான் காயப்பட்டதை உணர்ந்து பின்வாங்குவான், காட்டுமிராண்டியோ எத்தனை குண்டு பட்டாலும் ஓடிவந்துகொண்டே இருப்பான் என்கிற ரீதியில் பேசினார். நம் மக்களையும் நம்மைப் போன்றவர்களையும் பற்றிப் பேசிய பேச்சு அது. இன்று படித்தாலும் உடம்பு எரிகிறது. ஜூலை 29 அன்று கையெழுத்துக்கு வந்த பிரகடனத்தை 22 நாடுகள் ஆதரித்தன. பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தன. போர்ச்சுகல் ஒதுங்கி நின்றது. பிரிட்டன் 1907ல்தான் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கா சேரவே இல்லை.

இந்தத் தடையை மனிதகுல மனசாட்சியின் தீர்ப்பாக எடுத்துக் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதன் வாசகத்தைப் படிப்பதில்லை. கையெழுத்திட்ட நாடுகள் தங்களுக்குள் போரிடும்போது மட்டுமே அது கட்டுப்படுத்தும். தீராப் பள்ளத்தாக்கில் செத்த அஃப்ரீதிக்கு அந்தக் காகிதத்தில் இடம் இல்லை. ஐரோப்பியன் ஐரோப்பியன் மீது சுட வேண்டாம் என்பதுதான் 1899ன் ஒப்பந்தம். யாருடைய உடலில் அந்தக் குண்டு சோதிக்கப்பட்டதோ அவனை அது வெளியே நிறுத்திவிட்டது. பிறகு வந்த சட்ட வளர்ச்சி அதைச் சரிசெய்தது, நல்லது. ஆனால் 1899ஐப் புனித நூலாக உயர்த்திப் பிடிப்பதில் ஓர் இந்தியனான எனக்குத் தயக்கம் உண்டு.

அதைவிட முக்கியம், அந்தத் தடைக்குள் இருக்கும் கணக்கு. போர்ச் சட்டத்தின் அடிப்படை 1868லேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனத்தில் வகுக்கப்பட்டது. எதிரிச் சிப்பாயைப் போரிட முடியாதவனாக்கினால் போதும். அதற்கு மேல் அவனுக்குத் தரும் வேதனை வீண். நூற்றுக்கணக்கான கஜத்துக்கு அப்பால் இருக்கும் ஒருவன் தொடையில் குண்டு வாங்கினால், அவன் அன்றைக்கு யுத்தத்திலிருந்து வெளியேறிவிட்டான். அவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். அதற்கு மேல் அவன் காலைச் சிதைப்பதில் யாருக்கும் லாபம் இல்லை. குண்டு அவனைத் துளைத்துப் போனாலும் பின்னால் நிற்பவன் இன்னொரு சிப்பாய்தான். இந்தக் கணக்கில் முழு உறைக் குண்டு கருணையானது, நான் மறுக்கவில்லை.

இதே கணக்கை ஒரு நகரத் தெருவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கத்தியை ஓங்கியவனுக்கும் போலீஸ்காரருக்கும் இடையே ஐந்தாறு அடி. அவன் நாளைக்குப் போரிட முடியாதவன் ஆவதால் யாருக்கும் பயன் இல்லை. இந்த இரண்டு நொடிக்குள் அவன் கை ஓய வேண்டும். அவனுக்குப் பின்னால் நிற்பது எதிரிப் படை அல்ல, பால் வாங்க வந்த ஒரு பெண். போரில் வேதனையை வீணாகக் கூட்டும் அதே பண்பு இங்கே ஓர் உயிரைக் காக்கும் பண்பாகிறது. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு தொகுத்த வழக்காற்றுச் சட்ட ஆய்வே, விரியும் குண்டுக்குப் போரில் தடை என்று சொன்ன கையோடு, உள்நாட்டுக் காவல் பணியில் பல நாடுகள் அதைப் பயன்படுத்துவதையும் அதன் காரணத்தையும் பதிவு செய்கிறது. ஜெர்மன் போலீஸ் 2000களின் தொடக்கத்திலிருந்து விரியும் குண்டையே வைத்திருக்கிறது. லண்டன் போலீஸும் அதற்கு மாறியது. அமெரிக்கர்களின் துப்பாக்கி வெறியிலிருந்து வந்த பழக்கம் இது என்று சொல்ல இடமில்லை.

அடுத்தது, டம்டம் குண்டும் இன்றைய கைத்துப்பாக்கியின் குழிமுனைக் குண்டும் ஒன்று என்ற எண்ணம். டம்டம், ரைஃபிள் குண்டு. நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. அந்த வேகத்தில் குண்டு விரிந்தாலோ உடைந்தாலோ சுற்றியுள்ள திசு கிழிந்து தொங்கும், எலும்பு தூளாகும். கைத்துப்பாக்கிக் குண்டின் வேகம் நொடிக்கு 350 மீட்டரை ஒட்டியது. அது தான் தொட்ட இடத்தை மட்டுமே கிழிக்கும். சுற்றிலும் தள்ளப்படும் திசு பெரும்பாலும் ரப்பர் போல மீண்டும் பழைய இடத்துக்கு வந்துவிடும். குண்டு விரிந்தால் துளை கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். வியட்நாமில் அறுவை மருத்துவராக இருந்து, பிறகு சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்க ராணுவத்தின் காய ஆய்வுக்கூடத்தை நடத்திய மார்ட்டின் ஃபேக்லர் இதைத்தான் ஆயுள் முழுக்கச் சொன்னார். அவர் காட்டிய இன்னொன்று பலருக்கு இன்னும் தெரியாது. போர்ச் சட்டப்படி முற்றிலும் சரியான சில முழு உறை ரைஃபிள் குண்டுகள், உடலுக்குள் குப்புறப் புரண்டு துண்டுதுண்டாகச் சிதறுகின்றன. அமெரிக்க ராணுவத்தின் 5.56 குண்டும், பழைய மேற்கு ஜெர்மனியின் 7.62 குண்டும் அப்படித்தான். எந்தக் கைத்துப்பாக்கிக் குழிமுனையும் செய்ய முடியாத சேதத்தை அவை செய்தன. முனை மூடியிருந்ததால் அவற்றைச் சட்டம் தொடவில்லை. 2010ல் உகாண்டாவின் கம்பாலா நகரில் சர்வதேசக் குற்ற நீதிமன்றச் சட்டத்தைத் திருத்தியவர்கள், வேதனையை வீணாகக் கூட்டும் என்று தெரிந்தே பயன்படுத்தினால்தான் குற்றம் என்று வரையறுத்தார்கள். குண்டின் வடிவத்திலிருந்து விளைவை நோக்கிச் சட்டம் மெல்ல நகர்கிறது.

சினிமாவில் குண்டு பட்டவன் பின்னால் பறந்து விழுவதைப் பார்த்துப் பார்த்து, கைத்துப்பாக்கியின் வலிமையைப் பற்றி நமக்கு ஒரு பொய்யான மதிப்பு வந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 கிராம் குண்டு, நொடிக்கு 350 மீட்டர் வேகம். அந்த உந்தம் முழுவதும் 80 கிலோ மனிதனுக்குப் போய்ச் சேர்ந்தாலும் அவன் நொடிக்கு மூன்றரை சென்டிமீட்டர்தான் நகர்வான். தோளில் குழந்தை கை வைத்துத் தள்ளினால் அதைவிட அதிகமாக நகர்வான். ஒருவனை அந்தக் கணமே நிறுத்துவது மூளையிலோ தண்டுவடத்திலோ படும் காயம் மட்டுமே. மற்றபடி ரத்தம் வடிந்துதான் அவன் ஓய வேண்டும். இதயமே கிழிந்தாலும் மூளையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வைத்து ஒருவன் 10, 15 விநாடி தன் விருப்பப்படி இயங்க முடியும் என்று 1989ல் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் பயிற்சிப் பிரிவைச் சேர்ந்த யூரி பேட்ரிக் எழுதினார். அந்தப் பத்துப் பதினைந்து விநாடிக்குள் எத்தனை குண்டுகள் சுடப்படும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் அதை எழுத வைத்தது மயாமி நகரில் 1986 ஏப்ரல் 11 காலை நடந்த மோதல். வங்கிக் கொள்ளையர்களான பிளாட், மேட்டிக்ஸ் இருவரையும் எஃப்பிஐ ஏஜெண்டுகள் எட்டுப் பேர் வழிமறித்தார்கள். ஏஜெண்ட் ஜெர்ரி டவ் சுட்ட 9 மில்லிமீட்டர் குழிமுனைக் குண்டு ஒன்று ஆரம்பத்திலேயே பிளாட்டின் மேற்கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, நுரையீரலைக் கிழித்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் இருக்கும்போது நின்றுவிட்டது. சாகப்போகிற காயம்தான். ஆனால் சாவதற்கு முன் அவன் டவ்வையும் பென் குரோகனையும் கொன்று, வேறு ஏஜெண்டுகளையும் சுட்டான். இது என் வாதத்துக்கு எதிரான சாட்சி, மறைக்க விரும்பவில்லை. குழி இருந்தால் மட்டும் போதும் என்று நினைத்தவர்களுக்கு அன்று கிடைத்த பதில் அது. அதன் பிறகுதான் எஃப்பிஐ ஓர் அளவுகோல் வகுத்தது: 4 டிகிரி குளிரில் வைத்த 10 சதவீத ஜெலட்டினில், தடித்த துணி, பலகை, தகரம், கார் கண்ணாடி போன்றவற்றைத் தாண்டிய பின்னும் குண்டு 12 அங்குலத்துக்குக் குறையாமல் போக வேண்டும், 18 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது. கீழ் எல்லை மயாமியின் பாடம். முன்னால் ஒரு கை குறுக்கிட்டாலும் குண்டு உள்ளே எட்ட வேண்டும். மேல் எல்லை யாருக்காக? பின்னால் நிற்பவருக்காக. இன்றைய குழிமுனைக் குண்டுகளின் வடிவமைப்பு முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையே நடந்த வேலை. கொடூரத்தைக் கூட்டச் செய்த வேலை என்று அதைச் சொல்வது, செய்தவர்களின் நோக்கத்தைத் தலைகீழாகப் படிப்பது.

நியூயார்க்குக்கு வருகிறேன். என் மனதை மாற்றிய இடம் அதுதான்.

அந்த நகரப் போலீஸ் 1993ல் பழைய ரிவால்வரை விட்டு 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கு மாறியது. குழிமுனை கொடூரம் என்ற எதிர்ப்பு இருந்ததால் முழு உறைத் தோட்டாவே கொடுத்தார்கள். 1998ல் கமிஷனர் ஹோவர்ட் சாஃபிர் குழிமுனைக்கு மாறப்போவதாக அறிவித்தபோது, போலீஸுக்கு இன்னும் கொடிய குண்டா என்று எதிர்ப்பு கிளம்பியது. அப்போது துறை வெளியிட்ட கணக்கு இது: 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் போலீஸின் முழு உறைக் குண்டு பட்ட அப்பாவிப் பொதுமக்கள் 15 பேர். எட்டுப் பேர் மீது நேராகப் பட்டது. ஐந்து பேர் மீது, வேறொருவர் உடலைத் துளைத்து வெளியே வந்த குண்டு பட்டது. இரண்டு பேர் மீது, ஏதோ ஒரு பொருளைத் துளைத்து வந்த குண்டு.

அந்த ஐந்து பேரைப் பற்றி யாரும் கூட்டம் போட்டதாக எனக்குத் தெரியாது. அவர்கள் எந்தத் தவறான தீர்மானத்தாலும் சுடப்படவில்லை. குறி தவறியும் சுடப்படவில்லை. குறி வைக்கப்பட்டவன் மீது குண்டு பட்டது, பட்ட பிறகும் நிற்கவில்லை. கருணையான குண்டு என்று நாம் தேர்ந்தெடுத்துக் கொடுத்த குண்டு அவர்களைத் தேடிப் போயிருக்கிறது. மனித உரிமையின் பெயரால் முழு உறைக் குண்டைக் கேட்டவர்களில் ஒருவராவது இந்த ஐந்து பேரின் உரிமையைக் கணக்கில் எடுத்தார்களா?

நேராகப் பட்ட எட்டுப் பேருக்கு என்ன பதில் என்று கேட்கலாம். அவர்களுக்குக் குழிமுனைக் குண்டு பதில் அல்ல. 1998 முதல் 2006 வரை நியூயார்க் போலீஸ் ஈடுபட்ட துப்பாக்கிச் சண்டைகளில் சுட்ட குண்டுகளில் 18 சதவீதம்தான் இலக்கில் பட்டன என்று ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008ல் கணக்கிட்டது. ஐந்தில் நாலு குண்டு எங்கோ போகிறது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வாசலில், ஒரு கொலைகாரனை நோக்கி இரண்டு போலீஸ்காரர்கள் 16 முறை சுட்டதில் வழிப்போக்கர்கள் 9 பேர் காயப்பட்டார்கள். பெரும்பாலோர் மீது பட்டவை சிதறிய துண்டுகள். அன்று அவர்கள் கையில் இருந்தது குழிமுனைதான். குறி தவறிய குண்டுக்கு முனையில் குழி இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்; சுவரின் காரைப்பொடியோ மரத்தூளோ குழியை அடைத்துக்கொண்டால் அது விரியவும் செய்யாது. வீட்டுக்குள் சுட்டால் அடுத்த அறைக்குப் போகாது என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நம்பாதீர்கள். மெல்லிய ஜிப்சம் சுவரை எல்லாக் குண்டும் துளைக்கும். அந்த எட்டுப் பேருக்கான பதில் பயிற்சியும், சுடாமல் இருக்கும் நிதானமும். அந்த ஐந்து பேருக்கான பதில் குண்டில் இருக்கிறது. ஒன்றைத் தர முடியவில்லை என்பதற்காக இன்னொன்றையும் மறுப்பது என்ன நியாயம்?

“அகலமான துளை அதிக ரத்தம் வடிக்கும், சுடப்பட்டவன் பிழைக்கும் வாய்ப்பு குறையும்.” எதிர்த்தரப்பின் ஆகப் பலமான வாதம் இது. ஒரே இடத்தில் ஒரே ஒரு குண்டு என்றால் உண்மை. ஆனால் தாக்க வருகிறவன் மீது யாரும் ஒரு குண்டு சுட்டுவிட்டுக் காத்திருப்பதில்லை. அவன் ஓயும்வரை சுடுகிறார்கள். குறுகிய துளை என்றால் ஓய நேரம் பிடிக்கும். நேரம் பிடித்தால் துளைகள் கூடும். உடலில் ஏழு குறுகிய துளைகளோடு வருபவனைக் காப்பாற்றுவது, இரண்டு அகலத் துளைகளோடு வருபவனைக் காப்பாற்றுவதைவிட எளிது என்று எந்த அறுவை மருத்துவரும் சொல்வார் என நான் நினைக்கவில்லை. ஒவ்வொரு கூடுதல் குண்டும் குறி தவறும் கூடுதல் வாய்ப்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். 1999 பிப்ரவரி 4 அன்று பிராங்ஸ் பகுதியில், தன் வீட்டு வாசலில் நின்ற அமடூ டியாலோ என்ற கினி நாட்டு இளைஞரை நான்கு போலீஸ்காரர்கள் சுட்டார்கள். 41 குண்டு, 19 அவர் உடலில். அவர் கையில் ஆயுதம் எதுவும் இல்லை. சுடப்பட்டவை அத்தனையும், கருணையானவை என்று சொல்லப்பட்ட முழு உறைக் குண்டுகள். 2005 ஜூலை 22 அன்று லண்டனின் ஸ்டாக்வெல் ரயில் நிலையத்தில், தற்கொலைப் படை ஆள் என்று தவறாக எண்ணி, ஜான் சார்லஸ் டி மெனெசெஸ் என்ற பிரேசில் நாட்டு எலக்ட்ரீஷியனைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. தலையில் ஏழு குண்டு; அவை குழிமுனை. ஒருவர் அந்தக் குண்டால் செத்தார், இன்னொருவர் இந்தக் குண்டால். இரண்டு சாவுக்கும் காரணம் ஒன்றே: சுடக் கூடாதவரைச் சுட முடிவெடுத்தார்கள். டி மெனெசெஸ் மரணத்துக்குப் பிறகு தடை செய்யப்பட்ட குண்டு என்ற பேச்சு எழுந்தபோது, என் வருத்தம் கூடியது. யார் அடையாளம் காட்டியது, யார் உத்தரவிட்டது, ஏன் யாரும் தண்டனை பெறவில்லை என்ற கேள்விகள் கேட்கப்பட வேண்டிய நேரத்தில், விவாதம் ஓர் உலோகத் துண்டின் வடிவத்துக்குள் போய் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிட்டது.

‘போலீஸ்கொல்லிக் குண்டு’ என்ற பட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. குண்டு துளைக்காத மேலாடையைத் துளைக்கும் கடின உலோகக் குண்டுகளுக்கு வந்த பெயர் அது. அவற்றை அமெரிக்கா 1986லேயே சட்டத்தால் தடுத்தது. அந்த மேலாடையின் முன் ஆகப் பலவீனமானது விரியும் குண்டு. 1990களின் தொடக்கத்தில் வின்செஸ்டர் நிறுவனம் கறுப்புப் பூச்சும், நகம் போல விரியும் இதழ்களுமாக ஒரு குழிமுனைக் குண்டை ‘பிளாக் டேலன்’ என்ற பெயரில் விற்றது. பயமுறுத்தும் பெயரை வைத்து விற்றது அந்த நிறுவனத்தின் தவறு. 1993ல் எதிர்ப்பு வலுத்ததும் பொதுச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. செனட்டர் மொய்னிஹன் இத்தகைய குண்டுகளுக்குப் பத்தாயிரம் சதவீத வரி போட வேண்டும் என்றார். கறுப்புப் பூச்சு குண்டின் வேலையில் எதையும் மாற்றவில்லை. படம் பார்த்து ஏற்பட்ட பயத்தில் எழுதப்பட்ட சட்டங்கள் அப்படியே தங்கிவிட்டன.

அந்தப் பயம் நீதிமன்றத்துக்குள்ளும் போகிறது. 2004ல் அரிசோனாவில் மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தன்னைத் தாக்க ஓடிவந்ததாகச் சொல்லி ஒருவரைச் சுட்டார். விசாரணையில் அவர் குழிமுனைக் குண்டு வைத்திருந்ததை அரசுத் தரப்பு அழுத்திச் சொன்னது. 2006ல் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பு. 2009ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறு காரணங்களுக்காக அதை ரத்து செய்தது. அவர் சுட்டது சரியா என்பதில் எனக்குக் கருத்து இல்லை. ஆனால் நாட்டின் போலீஸ் துறைகள் பொதுவாக வைத்திருக்கும் அதே வகைக் குண்டை ஒருவர் தேர்ந்தெடுத்ததைக் கொலை எண்ணத்தின் அடையாளமாகக் காட்டலாம் என்றால், எச்சரிக்கையோடு இருப்பவரையே சட்டம் சந்தேகிக்கிறது.

ஹட்ஸன் ஆற்றின் கிழக்குக் கரையில் நியூயார்க். 1999லிருந்து அங்கே போலீஸ் குழிமுனைத் தோட்டாவையே வைத்திருக்கிறது. மேற்குக் கரையில் நியூ ஜெர்சி. குழிமுனைக் குண்டைக் கட்டுப்படுத்தும் நெடுங்காலச் சட்டம் அந்த மாநிலத்தில் உண்டு. அதன்படி ஒரு குடிமகன் அதைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். குறிபார்க்கும் திடலுக்கு எடுத்துப் போகலாம். ஆனால் முறையாக உரிமம் வாங்கிக் கைத்துப்பாக்கியோடு தெருவில் நடக்கும்போது அதைத் துப்பாக்கியில் போடக் கூடாது. நான்கு சுவருக்குள், பின்னால் யாரும் இல்லாத இடத்தில், நின்றுவிடும் குண்டு சட்டப்படி சரி. பேருந்து நிறுத்தத்தில், கடைவீதியில், பள்ளி விடும் நேரத்தில், ஊடுருவிப் போகும் குண்டுதான் சட்டப்படி சரி. போலீஸ்காரருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதாவது தெருவுக்கு ஏற்றது எது என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

ஆனால் அந்தக் குழியைப் பாலிமரால் அடைத்துவிட்டால் அது குழிமுனை ஆகாது என்று மாநிலப் போலீஸே விளக்கம் கொடுத்திருக்கிறது. அப்படி அடைக்கப்பட்ட தோட்டாவும் உடலுக்குள் போனதும் விரியும். காளான் போலத்தான் விரியும், உள்ளேயேதான் நிற்கும். அதைத் தெருவில் எடுத்துப் போகலாம்.